காதைத் தொட்டால் ஓடு

வெள்ளவத்தை,
2024 ஒக்டோபர் 7

அன்புள்ள ஜவாத் நானா அவர்களுக்கு,

இது மூன்றாவது தாள். முதல் தாளில் மன்னிப்பு அதிகமாகிவிட்டது. இரண்டாவதில் மன்னிப்பே இல்லாமல் போய்விட்டது. இதையாவது தபாலில் போட்டுவிடுவது என்று இருக்கிறேன்.

போனில் கதைக்கலாமே என்று மேல்மாடியில் இருக்கும் நம் அணிப் பிள்ளை யதுஷா கேட்டாள். நீங்கள் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் நான் "ஓம், ஓம்" என்று சொல்லி வைத்துவிடுவேன். பிறகு எதற்கு ஓம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. எழுத்தில் என்றால் நீங்கள் சத்தம் போட்டாலும் அது மூன்று நாள் கழித்துத்தான் எனக்குக் கேட்கும்.

சனிக்கிழமை யூஜினா மிஸ் கொச்சிக்கடையிலிருந்து வீடு தேடி வந்தார். நம் பேஸ்போல் கழகத் தலைவியே வருகிறார் என்றால் நல்ல செய்தியாக இராது என்று நினைத்தபடிதான் தேநீர் ஊற்றினேன். கோப்பையைத் தொடுமுன்பே அவர் சொல்லிவிட்டார்:

"பன்னெண்டு மெச்ல மூணுதான் வின் பண்ணியிருக்கோம். போன வருஷம் எட்டு. கமிட்டியில எல்லாரும் மெனேஜர மாத்தணும்னு நிக்கிறாங்க. எல்லா மெச்சையும் எழுதி வச்சிருக்கிறது நீங்கதானே? ஜவாத்ல பிழை இருக்கா, இல்லையா? ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. நவம்பர் மூணாந் திகதி கூட்டம்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது "ஓம் மிஸ்."

வேறு யாரிடமிருந்தோ இதை நீங்கள் அறியக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். முப்பத்துநான்கு வருடம் மழைமானி பார்த்தவன் நான். எத்தனை மில்லிமீற்றர் என்று எழுதுவேன். அது யாருடைய பிழை என்று அங்கே ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

மற்றது, செப்டெம்பர் பதினைந்தாம் திகதி மட்டக்குளி மைதானத்தில் நடந்தது. கடைசி ஆட்டத்திலும் தோற்று, பிள்ளைகள் மட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்த நேரம், "இந்த வருஷம் இரண்டாம் தளத்துக்கு ஓடி அவுட்டானது முப்பத்தொரு தரம்" என்று நான் எல்லோர் முன்னிலையிலும் வாசித்திருக்கக் கூடாது. எண்ணிக்கை சரி. நேரம்தான் பிழை. புத்தகத்தைக் கொண்டுபோய்க் கடலில் போடச் சொன்னீர்கள். எங்கள் வீட்டிலிருந்து தண்டவாளத்தைக் கடந்தால் கடல்தான். இருந்தும் நான் போடவில்லை.

உங்கள் பக்க நியாயத்தை எழுதி அனுப்பினால் அறிக்கையில் அப்படியே சேர்ப்பேன்.

இப்படிக்கு,
சி. கதிர்காமநாதன்


கிராண்ட்பாஸ்,
2024 ஒக்டோபர் 11

திரு. கதிர்காமநாதன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வெள்ளவத்தையிலிருந்து கிராண்ட்பாசுக்கு நாலு நாள். நான் நடந்தே வந்திருப்பேன்.

நானா என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை விட நான் ஏழு வயது இளையவன். நான் உங்களை ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது திருவாளர் போதும்.

என் பக்க நியாயம் கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். நல்ல பேனை எடுங்கள், உங்கள் பென்சில் அழிந்துவிடும்.

பதினோரு வருடம் ஜப்பானில் கார் தொழிற்சாலையில் வேலை செய்தேன். அங்கேதான் பேஸ்போல் படித்தேன். தொழிற்சாலை அணியில் ஆறு வருடம் விளையாடினேன். திரும்பி வந்து இந்தக் கழகத்தைத் தொடங்கியபோது கொட்டாஞ்சேனையில் அரைவாசிப் பேர் அதைக் கிரிக்கெட் என்று நினைத்தார்கள், மற்ற அரைவாசி சண்டை என்று நினைத்தார்கள். ஸ்பெயார் பார்ட்ஸ் கடையை ஞாயிற்றுக்கிழமை பூட்டிவிட்டு, வெயிலில் நின்று, எட்டு வருடம் இந்தப் பெண்பிள்ளைகளைப் பழக்கினேன். இப்போது இரண்டு பக்கத்தில் என் பிழையை எழுதுகிறார்களாம்.

முப்பத்தொரு பேர் ஓடி அவுட்டானார்கள் என்கிறீர்கள். அந்த முப்பத்தொன்றை வைத்துத்தான் கமிட்டி என்னை வெட்டும், எனக்கும் தெரியும். ஓடு என்று நான் சைகை காட்டியது இந்த சீசன் முழுக்க ஏழு தரம். ஏழு! மற்ற நேரம் எல்லாம் இரண்டு கையையும் பொக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் நின்றேன். நான் காதைத் தொடாமலே ஓடினார்கள். பேயைக் கண்ட மாதிரி ஓடினார்கள். ஏன் ஓடினாய் என்று கப்டன் சாமினியைக் கேட்டேன். "அங்கிள் காதத் தொட்டது தானே" என்கிறாள், முகத்துக்கு நேரே! கை பொக்கெட்டில் இருந்த மனிதனைப் பார்த்து! பொய் சொல்கிற கப்டன் எனக்கு வேண்டாம் என்று மூன்று மெச் வெளியே உட்கார வைத்தேன். இப்போது பயிற்சிக்கும் வருவதில்லை. அதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
எம். எச். எம். ஜவாத்

பி.கு. உங்கள் கண்ணுக்கு விடுகிற மருந்துப் போத்தல் என் பையில் கிடந்தது. திறந்து ஒரு மாதத்துக்குப் பிறகு பாவிக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. எறிந்துவிட்டேன். ஒப்பரேஷன் செய்த கண். புதிது வாங்குங்கள்.


வெள்ளவத்தை,
2024 ஒக்டோபர் 16

அன்புள்ள ஜவாத் நானா அவர்களுக்கு,

பின்குறிப்புக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். மருந்து வாங்குவேன். நானா என்பதை நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. பேனைக்கு வந்துவிடுகிறது.

கமிட்டியில் பாதிப் பேருக்கு ஆட்டம் தெரியாது என்பதால் அறிக்கையின் முதற் பந்தியை இப்படி எழுதியிருக்கிறேன். சரியா என்று பாருங்கள்:

"மைதானத்தில் நான்கு தளங்கள் உண்டு. பந்தை அடித்தவர் அவற்றை ஒவ்வொன்றாக ஓடிக் கடந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு புள்ளி. முதலாம் தளத்தில் நிற்பவர், எதிரணி பந்தை எறியும் அந்தக் கணத்தில், யாரும் எதிர்பாராமல் இரண்டாம் தளத்துக்குப் பாய்ந்து ஓடலாம். எதிரணி முன்கூட்டியே அறிந்தால் அவர் அவுட். ஆகவே எப்போது ஓடுவது என்பதை மெனேஜர் மூன்றாம் தளத்துக்கு அருகில் நின்று சைகையால் சொல்வார். எமது கழகத்தின் சைகை: காதைத் தொட்டால் ஓடு."

இந்த ஓட்டத்துக்கு ஆங்கிலத்தில் களவு என்றே பெயர். பிள்ளைகளின் பெயருக்கு நேரே அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஐந்து மாதமும் "க" என்று மட்டும் போட்டு வைத்தேன்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். நீங்கள் ஏழு என்கிறீர்கள், புத்தகம் முப்பத்தொன்று என்கிறது. நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள். புத்தகமும் பொய் சொல்லாது என்றுதான் இதுவரை நம்பியிருந்தேன். இரண்டு நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். முப்பத்தொன்றில் இருபத்தெட்டு ஓட்டம், அடுத்தவள் மட்டையோடு வந்து நின்ற முதற் பந்திலேயே நடந்திருக்கிறது. ஏன் முதற் பந்து? எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்று. வென்ற ஆட்டங்கள் மூன்று. அதில் இரண்டு, நான் கண் ஒப்பரேஷனுக்காக வராமல் இருந்தவை. விரல் சுளுக்கி விளையாட முடியாதிருந்த யதுஷா எனக்குப் பதிலாக எழுதினாள். அவளுடைய பக்கங்களில் இரண்டாம் தளத்தில் ஒருவர்கூட அவுட் இல்லை. பாவம், எழுதத் தவறியிருப்பாள் என்று நினைக்கிறேன், கையெழுத்தும் அப்படித்தான். மூன்றாவது வெற்றி ஜூன் மாத மழை நாள். புத்தகம் நனையுமென்று நான் நாம் வந்த வான் வண்டிக்குள் இருந்து எழுதினேன். அதிலும் "க" இல்லை. கண்ணாடியில் ஈரம் படிந்து நான் பார்க்கத் தவறியிருக்கலாம்.

ஆக, என் பதிவுகளிலேயே எனக்கு நம்பிக்கை குறைகிறது. இந்த நிலையில் உங்களைப் பற்றி எப்படித் தீர்ப்பு எழுதுவது?

பணிவுடன்,
சி. கதிர்காமநாதன்


கிராண்ட்பாஸ்,
2024 ஒக்டோபர் 20

கதிர்காமநாதன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை என் பெண்சாதி பீபியும் வாசித்தாள். வாசித்துவிட்டு, "இந்த மனிசன் ஒங்களுக்கு எதிரா எழுதுறவர் மாதிரியா ஈக்கி? ஒங்களுக்காக முழிபிதுங்கிட்டு ஈக்கிறார். போய் ஒரு போன் கோல் எடுங்களே" என்றாள். எடுக்கவில்லை. எனக்கும் ரோசம் இருக்கிறது. ஆனால் அந்த வயதில் இரண்டு நாள் ஒரே புத்தகத்தைப் பார்த்தால் கண் என்ன ஆகும்? மருந்து வாங்கினீர்களா?

முதற் பந்தியில் பிழை இல்லை. நானே அவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

யதுஷா எழுதத் தவறவில்லை. அந்த இரண்டு மெச்சிலும் நான் நின்றேன். பிள்ளைகள் மரம் மாதிரி நின்றார்கள், சொன்னபோது மட்டும் ஓடினார்கள். ஒழுங்குக்கு வந்துவிட்டார்கள் என்று அன்றைக்கு எல்லோருக்கும் பட்டீஸ் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த கிழமை நீங்கள் வந்தீர்கள், உங்களுக்கு முன்னால் மானம் போகிற மாதிரி மறுபடியும் ஓட்டம்.

எனக்கு எது வலிக்கிறது என்றால், எவ்வளவு சொல்லிக் கொடுத்தேன்! சீசன் தொடங்கின அன்றைக்கு எல்லோரையும் புல்லில் உட்கார வைத்து, ஜப்பானில் எங்கள் அணியில் செய்த தந்திரத்தைச் சொன்னேன். அங்கே மெனேஜர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பார். எதிரணி முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். உண்மையான சைகை தண்ணீர் வாளி வைத்திருக்கிற கிழவரிடமிருந்து வரும். ஒருவரும் பார்க்காத ஆள்! பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். சாமினி கைதட்டினாள். அவ்வளவு கெட்டிக்காரி. அவள் என் முகத்துக்கு நேரே அப்படி ஒரு பொய்யைச் சொன்னதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சரி, எழுதுவதை எழுதுங்கள். என்னை நினைத்து ஒன்றையும் மறைக்காதீர்கள். மறைத்தால் உங்களுக்குத் தூக்கம் வராது, அது எனக்குத் தெரியும்.

ஜவாத்


வெள்ளவத்தை,
2024 ஒக்டோபர் 25

அன்புள்ள ஜவாத் நானா அவர்களுக்கு,

உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள். நான் நின்றுகொண்டு எழுதுகிறேன், உட்கார மனம் இல்லை.

புதன்கிழமை உங்கள் சொல்லுக்காகவே மருந்து வாங்கப் போனேன். காலி வீதியில் சாமினி வேலை செய்கிற மருந்துக்கடைதான் எனக்குக் கிட்ட. அவளிடம் ஒன்றும் கேட்பதாக இருக்கவில்லை. கேட்கத் துணிவும் இல்லை. போத்தலை வாங்கியதும், திறக்கும் திகதியை மறக்காமல் எழுதி வைப்போமே என்று என் வழக்கப்படி காதிலிருந்து பென்சிலை எடுத்தேன்.

அவள் மேசைக்குப் பின்னாலிருந்து ஓட்டக்காரி மாதிரிக் குனிந்து ஓரடி வெளியே வந்து நின்றாள். "அனே அங்கிள், இங்கயும் ஓடணுமா?"

"எங்கை பிள்ளை ஓடுறது?"

"அங்கிள் காதத் தொட்டா நாங்க ஓடுவம் தானே!"

ஜவாத் நானா, நான் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். பின்னால் இருமல் மருந்துக்கு நின்ற ஒருவர் என்னைத் தொட்டுத் தள்ளினார்.

அவள் சொன்னதை ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். "ஜவாத் அங்கிள் சொன்னாரு தானே, உண்மையான சைன் யாரும் பாக்காத ஆள்கிட்ட இருந்து வரும்னு. அவரு கைய பொக்கெட்ல போட்டுட்டு சும்மா நிக்கிறாரு. பின்னால கதிரையில நீங்க. அதே தொப்பி, அதே ஷேர்ட். மத்த டீம் உங்களப் பாக்காது, நாங்க பாப்பம். செம ஐடியா!"

"பிள்ளை, அவர் ஏசினவர்தானே? அப்ப ஏன் என்ர பேரைச் சொல்லேல்ல?"

"சீக்ரெட் தானே அங்கிள்! எல்லாருக்கும் முன்னால எப்படிச் சொல்றது? அதுதான் 'அங்கிள் காதத் தொட்டது தானே'ன்னு மட்டும் சொன்னேன். அவருக்கு விளங்கும்னு நினைச்சேன். ஏசுறதும் நடிப்புன்னு நினைச்சேன். மூணு மெச் வெளிய வச்ச பிறகுதான் நடிப்பு இல்லன்னு தெரிஞ்சது. அதுக்குப் பிறகு என்னத்தச் சொல்ல?"

அவள் சொன்ன அங்கிள் நான், ஜவாத் நானா. நீங்கள் அல்ல.

வீட்டுக்கு வந்து யதுஷாவை எனக்கு முன்னால் உட்காரவைத்து ஒரு பக்கம் பிரதி எடுத்தேன். இருபது நிமிடத்தில் பதினொரு தடவை காதைத் தொட்டேனாம். நான் தெரிந்தே செய்கிறேன் என்றுதான் அவளும் இத்தனை நாள் நினைத்திருந்தாளாம். எனக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை. முதற் பந்தின் மர்மமும் விளங்கிவிட்டது. ஒருத்தி முதலாம் தளத்தை அடைந்ததும் அதை எழுதி முடித்து, பென்சிலைக் காதில் செருகிவிடுகிறேன். அடுத்தவள் மட்டையோடு வந்து நின்றதும் மறுபடியும் எடுக்கிறேன். உடனே இவள் ஓடுகிறாள். இரண்டு ஆட்டம் பார்த்த எந்த எதிரணிக்கும் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் முதற் பந்தில் ஓடுவார்கள் என்று தெரிந்திருக்கும்.

வெயில் தாங்க முடியவில்லை என்று நான் சொன்னதால் உங்கள் மேலதிகத் தொப்பியையும் சட்டையையும் தந்தீர்கள். உங்களுக்குப் பின்னால் குடையின் கீழ் இடம் தந்தீர்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு ஒன்பது ஆட்டங்களை நான் தோற்கடித்தேன். அதோடு நிற்காமல், எத்தனை பேர் அவுட் என்று எண்ணி உங்கள் முகத்துக்கு நேரே வாசித்தும் காட்டினேன்.

அறிக்கை முடிந்துவிட்டது. ஒரு பக்கம்தான் வந்தது. பிரதி இணைத்திருக்கிறேன். மெனேஜரில் பிழை இல்லை, பிழை முழுவதும் புள்ளிப் பதிவாளருடையது, அவர் பதவி விலகுகிறார் என்று எழுதியிருக்கிறேன்.

பென்சிலை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இதைப் பேனையால் எழுதுகிறேன்.

மிகுந்த வெட்கத்துடன்,
கதிர்காமநாதன்


கிராண்ட்பாஸ்,
2024 ஒக்டோபர் 30

கதிர் ஐயா அவர்களுக்கு,

தபாலை நம்பாமல் மருமகன் ரிப்கானின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவன் நிற்கும்போதே வாசித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். பின்பக்க லைட் வாங்க வந்தவர் நிற்கிறார், நான் மேசையில் தலையை வைத்துச் சிரிக்கிறேன். பிறகு அவருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் லைட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். பீபி இரண்டு நாளாக என்னைக் கண்டால் காதைத் தொடுகிறாள். சோறு போட வரும்போதுகூட.

சிரித்து முடிந்த பிறகு அறிக்கையை இரண்டாம் தரம் வாசித்தேன். ஐயா, அது பிழை. உங்கள் வாழ்க்கையில் நீங்கள் எழுதின முதற் பிழையான அறிக்கை அதுவாகத்தான் இருக்கும். யூஜினா மிஸ் கேட்டது மெனேஜரில் பிழை இருக்கிறதா என்று. நீங்கள் அவர் கேளாத கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள்.

உங்களுக்குத் தொப்பி போட்டது யார்? நான். கதிரை வைத்தது யார்? நான். ஜப்பான் ஜப்பான் என்று பெருமை அடித்தது யார்? அது போகட்டும், அதெல்லாம் சிரிக்கிற பிழை. சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. ஒரு பிள்ளை நான் கண்டேன் என்று சொன்னாள். யார் தொட்டது, எங்கே கண்டாய், காட்டு பார்ப்போம் என்று நான் கேட்கவில்லை. திரும்பி ஒரு தரம் எனக்குப் பின்னால் பார்த்திருந்தால் மே மாதத்திலேயே முடிந்திருக்கும். பார்க்காமல் அவளைப் பொய்க்காரி என்றேன், எல்லோர் முன்னாலும். எட்டு வருடம் என்னோடு வெயிலில் நின்ற பிள்ளை.

நேற்றே அந்த மருந்துக்கடைக்குப் போனேன். அவள் வீட்டு மொழியான சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டால் ஒழுங்காக வரும் என்று பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சொல்லத் தொடங்கினேன், பாதியில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. அவள் தமிழில் சொன்னாள்: "அங்கிள், உங்களுக்குப் பின்னால ஆள் நிக்குது." திரும்பிப் பார்த்தேன். உண்மையாகவே ஒரு அம்மா மருந்துச் சீட்டோடு நிற்கிறார். "இப்பவாவது திரும்பிப் பாத்தீங்களே" என்று சொல்லிவிட்டு அப்படிச் சிரித்தாள்! நானும் சிரித்தேன். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

ஆகவே அறிக்கையை மாற்றி எழுதுங்கள். மெனேஜரில் பிழை இருக்கிறது, இன்ன பிழை, என்று எழுதுங்கள். கமிட்டி என்னை நீக்கினால் நீக்கட்டும். பொய் சொல்லி வைத்துக்கொள்கிற கதிரை எனக்கு வேண்டாம். நீங்கள் விலகுவது மட்டும் நடக்காது. விலகினால் உங்கள் வீட்டுக்கு வந்து குரலை உயர்த்துவேன்.

என் விஷயம் பேசுகிற கூட்டத்துக்கு நான் வரக் கூடாதாம். நீங்கள்தான் எழுந்து வாசிக்க வேண்டும். சத்தமாக வாசியுங்கள், ஐயா. "ஓம் மிஸ்" சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.

உங்கள்,
ஜவாத்


வெள்ளவத்தை,
2024 நவம்பர் 4

அன்புள்ள ஜவாத் நானா,

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். முடிவை முதலில் சொல்லும்படி யதுஷா என் தோளுக்கு மேலால் சொல்கிறாள். ஒழுங்கு குலைந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.

பதினான்கு பேர் வந்திருந்தார்கள். பிள்ளைகளின் சார்பில் சாமினி. என்னை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். எழுந்து தாளை விரித்தேன். முதல் வரியை இப்படி மாற்றியிருந்தேன்: "மெனேஜரில் பிழை உண்டா? உண்டு. ஒன்று." சாமினியின் விஷயத்தை நீங்கள் எழுதியபடியே வாசித்தேன். அவளிடம் முன்பே சம்மதம் கேட்டிருந்தேன். பிறகு பென்சிலின் கதை. அதில் முதலில் சிரித்தது யூஜினா மிஸ்தான். சிரித்துச் சிரித்துக் கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தார்.

சிரிப்பு அடங்கியதும் பொருளாளர், "சரி, பிழை இருக்குன்னு இவரே சொல்லிட்டாரு. அப்ப மாத்திடுவோம்" என்றார். சில பேர் தலையாட்டினார்கள். யூஜினா மிஸ் என்னைப் பார்த்தார். "என்ன மிஸ்டர் கதிர்காமநாதன், அப்படித்தானே?"

ஓம் என்று வாயில் வந்துவிட்டது, ஜவாத் நானா. பாதி வெளியேயும் வந்துவிட்டது. "ஓ" என்ற இடத்தில் அதைப் பிடித்து நிறுத்தினேன். எப்படி என்று தெரியாது.

"இல்லை மிஸ்" என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். இனி ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "நான் மழைமானி பாத்தவன். ஒரு வருஷம் மழை குறைவாக் காட்டினா அதைத் தூக்கி எறியிறேல்ல. மேலை ஏதும் மரக்கிளை வளந்து மறைக்குதோ எண்டு முதலிலை அண்ணாந்து பாப்பம். இங்கை கிளை நான். கிளையை வெட்டிப்போட்டு இன்னொரு வருஷம் பாருங்கோ. பிழை விட்ட மனிசன் தானாப் போய் அந்தப் பிள்ளையிட்டை மன்னிப்புக் கேட்டவர். அப்பிடி ஒரு மெனேஜரை வேறை எங்கை தேடுவியள்?"

இவ்வளவையும் நான் சொன்னேன் என்று யதுஷா நம்ப மறுக்கிறாள். சாமினியிடம் கேட்டு உறுதிப்படுத்தியிருக்கிறாள்.

அப்போது சாமினி கையை உயர்த்தினாள். "கிளைய வெட்டத் தேவையில்ல மிஸ். பென்சில வெட்டினாப் போதும்" என்றாள். அதற்கு மேல் கூட்டம் நடத்த முடியவில்லை.

தீர்மானம்: நீங்கள் தொடர்ந்து மெனேஜர். சாமினி மீண்டும் கப்டன். ஒரு நிபந்தனை உண்டு: புள்ளிப் பதிவாளர் விலக வேண்டியதில்லை, ஆனால் முதலாம் தளத்தின் பக்கம், மைதானத்தின் மற்றக் கரையில், வேறு நிறச் சட்டையோடு, பென்சிலை நூலால் புத்தகத்தில் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மிகவும் நியாயமான நிபந்தனை. நூல் வாங்கிவிட்டேன்.

ஒன்றை மட்டும் எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். மற்றக் கரையில் நிழல் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஐந்து மாதம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து, நீங்கள் நடுவரை வாய்க்குள் ஏசுவதைக் கேட்டுப் பழகிவிட்டேன். அங்கே அது கேட்காது.

அன்புடன்,
கதிர்காமநாதன்


கிராண்ட்பாஸ்,
2025 ஜனவரி 6

கதிர் ஐயா,

போனில் சொல்லலாம். சொன்னால் நீங்கள் ஓம் சொல்லிவிட்டு மறந்துவிடுவீர்கள். எழுத்தில் இருந்தால் கடிதக் கோவையில் போட்டு வைப்பீர்கள்.

பன்னிரண்டாம் திகதி முதல் மெச். இரண்டு மாதமாக ஒன்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, நேற்றுப் பயிற்சி முடிய சாமினியும் அதையே சொன்னாள். போன சீசனில் நம்மோடு விளையாடின எல்லா அணிக்கும் ஒரு விஷயம் தெரியும்: முதற் பந்தில் கொட்டாஞ்சேனைக்காரிகள் ஓடுவார்கள். சிலர் உங்களையும் கண்டுபிடித்திருப்பார்கள், பின்னால் குடைக்குக் கீழே காதைத் தொடுகிற கிழவர் என்று. அவர்கள் இந்த வருடம் என்னைப் பார்க்கவே மாட்டார்கள். உங்களைத்தான் பார்ப்பார்கள்.

பார்க்கட்டும்.

யூஜினா மிஸ்ஸிடம் பேசிவிட்டேன். நிபந்தனை நீங்கிவிட்டது. நூலை அறுத்துவிடுங்கள். கதிரை பழைய இடத்தில், குடை பழைய இடத்தில், தொப்பியும் சட்டையும் பீபி கழுவி மடித்து வைத்திருக்கிறாள். ஒரு மாற்றமும் செய்ய வேண்டாம். நடிக்க வேண்டாம், உங்களுக்கு நடிக்க வராது. எப்போதும் போல எழுதுங்கள். அவர்கள் உங்கள் காதைப் பார்த்து முதற் பந்துக்கு ஆயத்தமாக நிற்கட்டும். நம்முடைய பிள்ளை அந்த நேரம் முதலாம் தளத்தில் நின்று தலைமுடி கட்டிக்கொண்டிருப்பாள். பிறகு, அவர்கள் களைத்த பிறகு, நான் சொல்லும்போது ஓடுவாள்.

புதிய சைகைப் பட்டியலைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டார்கள். உண்மையான சைகையை இதில் எழுத மாட்டேன், நம்முடைய தபாலை நான் நம்புவதில்லை. உங்களுக்குத் தேவையான ஒரு வரியை மட்டும் எழுதுகிறேன். சாமினி தன் கையால் எழுதித் தந்தது:

"காதைத் தொட்டால்: அங்கிள் எழுதுறார். ஓடாதே."

இரண்டு பென்சில் கொண்டு வாருங்கள், ஐயா. இரண்டு காதுக்கும்.

உங்கள்,
ஜவாத்